குண்டுமணித் தங்கமும் கோடி ரூபாய் பில்லும்



நம் இதழில் வழக்கமாக ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன், குடிசைப் பகுதிச் சர்வே, பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காத கொடுமை ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுவோம். இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஓட்டலைப் பற்றி. அதுவும் நம்மில் எவரும் வாசற்படி மிதிக்கப் போகாத ஓட்டல்.

"நமக்கு எதற்கு அந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். அந்த ஓட்டலுக்குள் நாம் போகவில்லை. ஆனால் அந்த ஓட்டல் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் வீட்டிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போனில் நம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது என்ன? கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் தங்கத் தகடு ஒட்டிய இறைச்சியை அறுத்து, உப்புத் தூவி, கத்தி முனையில் குத்தி, பணக்காரர் வாயில் ஊட்டும் காட்சியை. பார்த்துவிட்டு, "வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

யார் இந்த உப்புக்காரர்?

அவர் பெயர் நுஸ்ரெத் கோக்சே. துருக்கி நாட்டுக்காரர். 2017 ஜனவரியில் ஒரு சின்ன வீடியோ வெளியிட்டார். அதில் இறைச்சியை நறுக்கிவிட்டு, கையைப் படமெடுத்த பாம்புபோல வளைத்து, விரல் நுனியிலிருந்து உப்பை உதிர்ப்பார். உப்பு முழங்கைப் பக்கமாகத் தெறித்து இறைச்சியின்மேல் விழும். அவ்வளவுதான். உலகம் முழுதும் கோடிக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். 'சால்ட் பே' என்று பட்டப்பெயரும் வந்தது. இஸ்தான்புல்லில் தொடங்கிய அவருடைய 'நுஸ்ர்-எத்' ஓட்டல் துபாய், அபுதாபி, தோஹா, நியூயார்க், லண்டன் என்று பெருநகரங்களில் கிளை பரப்பியது. அங்கே முக்கியப் பண்டம் ஸ்டேக், அதாவது தடித்த துண்டாக நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சி என்பதற்காக நான் இதைக் கண்டிக்கவில்லை. யார் எதைத் தின்ன வேண்டும் என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. நம்மில் பலருடைய வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு; குறைந்த காசில் உடம்புக்குப் பலம் தந்த உணவு. 2015ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டுவதும் தடை செய்யப்பட்டபோது அந்தக் குழம்பு எத்தனை வீட்டில் நின்றது என்பது தாராவிப் பெண்களுக்குத் தெரியும். ஏழை தின்றால் இழிவு, பணக்காரன் தங்கம் ஒட்டித் தின்றால் கௌரவம் என்ற நியாயம் நமக்குப் புதிதல்ல.

அந்த மனிதரையும் நான் இழிவாகப் பேசப் போவதில்லை. அவர் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர். 1983ல் எர்சுரூம் மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. வறுமையால் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இஸ்தான்புல்லில் கசாப்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு அர்ஜென்டினா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் போய், ஓட்டல்களில் சம்பளமில்லாமல் வேலை பார்த்துத் தொழில் கற்றார். 2010ல் சொந்தமாக ஓட்டல் திறந்தார். கத்தி பிடிக்கத் தெரிந்த கை அது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. "ஏழைப் பையன் உழைத்து உயர்ந்தான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். டோவுஷ் என்ற துருக்கியின் பெருமுதலாளிக் குழுமம் கூட்டுச் சேர்ந்து பணம் போட்ட பிறகுதான் கடல் கடந்து கிளைகள் முளைத்தன. ஒருவருடைய உழைப்பு ஒரு நல்ல கடையைக் கட்டும். உலகமெங்கும் கிளை கட்டுவது மூலதனம். இந்த இரண்டாவது பாதியை நம் பிள்ளைகளுக்கு எந்த வீடியோவும் சொல்வதில்லை.

ஒரு குண்டுமணி

நான் ரயில்வேயில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மெட்ரிக் வரை படித்தவன். சமையலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பில்லைக் கண்டால் கூட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. வாருங்கள், கூட்டிப் பார்ப்போம்.

2021 செப்டம்பரில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் கிளை திறந்தார்கள். தங்கத் தகடு ஒட்டிய பெரிய ஸ்டேக் ஒன்றின் விலை 1,450 பவுன் என்று அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. அன்றைய மதிப்பில் சுமார் ஒன்றரை லட்ச ரூபாய். இவ்வளவு விலை எதற்கு? தங்கத்துக்கா?

சாப்பாட்டில் ஒட்டும் தங்கத் தகடு எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லி மீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. மூச்சு விட்டால் பறந்துவிடும். எட்டு சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்றின் எடை ஏறக்குறைய 12 மில்லிகிராம். இறைச்சியைச் சுற்றிப் பத்துத் தகடு ஒட்டினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 120 மில்லிகிராம். ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. நம் பாட்டிமார்கள் தட்டான் கடையில் சொல்லும் கணக்கில் சொன்னால், ஒரு குண்டுமணி எடை!

அந்தக் குண்டுமணித் தங்கத்துக்கு ருசி கிடையாது. மணம் கிடையாது. உடம்பில் ஒட்டுவதும் கிடையாது. நாக்குக்குத் தெரியாது, வயிற்றுக்கும் தெரியாது. மறுநாள் காலை போகிற வழியில் போய்விடும். அப்படியானால் அது யாருக்காக? பக்கத்து மேசைக்காரன் கண்ணுக்காக. செல்போன் காமிராவுக்காக. அங்கே விற்பது இறைச்சியும் அல்ல, தங்கமும் அல்ல. "இவ்வளவு பணத்தை என்னால் வீணாக்க முடியும்" என்று நாலு பேருக்குக் காட்டும் உரிமையைத்தான் விற்கிறார்கள்.

நமக்குத் தங்கம் என்றால் என்ன? தாலியில் இருக்கும் குண்டு. பெண்பிள்ளைக்குக் காது குத்தும்போது போடும் கம்மல். ஆனி மாதம் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாமல் சேட்டு கடையில் வைக்கும் சங்கிலி. ஊரில் தகப்பனார் செத்துவிட்டார் என்று போன் வந்தால், ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக் கொடுக்கும் மூக்குத்தி. நம் பெண்கள் தங்கத்தைக் கழுத்தில் போட்டிருக்கும் நாட்களைவிட அது அடகுக் கடைப் பெட்டியில் இருக்கும் நாட்களே அதிகம். அந்தத் தங்கத்தை ஒருவன் தின்று காட்டுகிறான். அதைப் பார்த்து நம் பிள்ளை கைதட்டினால் அவன் தாயின் வெறும் கழுத்தைப் பார்த்துச் சிரித்ததாகத்தானே அர்த்தம்?

பில் சொல்லும் கதை

1,450 பவுனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021ல் இங்கிலாந்தில் 23 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 பவுன் 91 பென்ஸ். அந்தக் கூலி வாங்கும் தொழிலாளி ஒரு ஸ்டேக்கின் விலையைச் சம்பாதிக்க 163 மணி நேரம் வேலை செய்யவேண்டும். வாரம் நாற்பது மணி நேரம் என்றால் முழுதாக நான்கு வாரம். வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல், ஒரு டீகூடக் குடிக்காமல்!

அதே லண்டன் கிளையில் ஒரு மேசைக்கு வந்த பில் 2021 அக்டோபரில் உலகெங்கும் பேசப்பட்டது. மொத்தம் 37,023 பவுன். சுமார் 37 லட்ச ரூபாய். அதில் பெரும்பகுதி ஒயின் புட்டிகளுக்கு. 2022 நவம்பரில் அபுதாபிக் கிளையில் ஒரே மேசைக்கு 6,15,065 திர்ஹம் பில் வந்தது. அன்றைய மதிப்பில் ஒரு கோடியே முப்பத்தாறு லட்ச ரூபாய்! இந்தப் பில்லை யாரும் திருட்டுத்தனமாகப் படம் பிடித்து வெளியிடவில்லை. ஓட்டல்காரரே பெருமையோடு தம் பக்கத்தில் போட்டார்.

அபுதாபி நமக்குத் தெரியாத ஊரா? இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஒரு அண்ணன் பம்பாய்க்கு வந்தால் தம்பி வளைகுடாவுக்குப் போவது நம் குடும்பங்களின் வழக்கம். அந்தத் தம்பிக்கு மாதம் ஆயிரம் திர்ஹம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பில்லைக் கட்ட அவன் 615 மாதம் உழைக்க வேண்டும். 51 ஆண்டு. இருபது வயதில் விமானம் ஏறியவன் எழுபத்தொரு வயதில், ஒரு காசு வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தால், அந்த ஓர் இரவின் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்க்கலாம்.

2022 டிசம்பர் 18 அன்று கத்தார் நாட்டில் லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் இந்த உப்புக்காரர் மைதானத்துக்குள் போய், வென்ற வீரர்களிடமிருந்து கோப்பையை வாங்கித் தூக்கி முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வென்றவர்கள், நாட்டுத் தலைவர்கள் போன்ற வெகு சிலர் மட்டுமே தொடலாம் என்ற விதியுள்ள கோப்பை அது. அவர் எப்படி உள்ளே வந்தார் என்று ஃபீஃபா நிர்வாகம் விசாரணை வைத்தது. கத்தாரில் அந்தப் போட்டிக்காகக் கொதிக்கும் வெயிலில் கம்பி கட்டியவர்களும் கான்கிரீட் போட்டவர்களும் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கூலிகள். தமிழர்களும் அதில் உண்டு. கட்டியவன் தடுப்புக் கம்பிக்கு வெளியே. உப்புத் தூவியவர் கோப்பையோடு உள்ளே. புகழ் எதற்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

சர்வீஸ் சார்ஜ் யாருக்கு?

லண்டன் பில்லுக்கு மறுபடி வருகிறேன். நம் வாலிபர்கள் பலர் ஓட்டல் தொழிலில் இருப்பதால் அந்தப் பில்லில் ஒரு வரி நமக்கு முக்கியம். 'சர்வீஸ் சார்ஜ் 4,829 பவுன்.' நூற்றுக்குப் பதினைந்து. அந்த ஒரு மேசையின் சர்வீஸ் சார்ஜ் மட்டும் நான்கே முக்கால் லட்ச ரூபாய்க்கு மேல். தட்டு எடுத்தவனுக்கும், பாத்திரம் தேய்த்தவனுக்கும், அடுப்படியில் வெந்தவனுக்கும் போய்ச் சேரவேண்டிய பணம் என்று சொல்லித்தான் உலகெங்கும் இதை வசூலிக்கிறார்கள்.

போய்ச் சேர்கிறதா என்பதுதான் எல்லா நாட்டு ஓட்டல் தொழிலாளியும் கேட்கும் கேள்வி. இதே ஓட்டலின் நியூயார்க் கிளையில் வேலை செய்த நான்கு பேர், டிப்ஸ் பங்கீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காகத் தங்களை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் வேலை சரியில்லாததால்தான் நீக்கினோம் என்றது நிர்வாகம். முடிவில் 2,30,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பளிக்க நான் நீதிபதி அல்ல. ஆனால் தட்டுக்குத் தட்டு தங்கம் மின்னும் இடத்திலும் தொழிலாளியின் தகராறு நம் ஊர்த் தகராறுதான் என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் 2023ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் முழுவதும் தொழிலாளிகளுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும், முதலாளி அதில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே அதுவரை நடந்ததைச் சொல்லும்.

நம் நாட்டில் என்ன நடந்தது? ஓட்டல்கள் பில்லில் தாமாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. முதலாளிகளின் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. முதலாளிகள் மேல்முறையீட்டுக்கும் போனார்கள். "இந்தப் பணம் தொழிலாளிக்குப் போகிறது, நிறுத்தினால் அவன் வயிற்றில் அடிப்பதாகும்" என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. தொழிலாளியின் வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் அதைச் சம்பளமாகவே கொடுத்துவிட்டால் என்ன? சம்பளம் என்றால் பி.எப். பிடிக்க வேண்டும், போனஸ் கணக்கில் வரும், கிராஜுவிட்டியில் வரும். டிப்ஸ் என்றால் ஒன்றும் கிடையாது. பிடித்தால் கொடுப்பான், பிடிக்காவிட்டால் இல்லை. கூலி என்பது தொழிலாளியின் உரிமை. டிப்ஸ் என்பது சாப்பிட்டவரின் மனசு. இரண்டையும் குழப்பவிடக் கூடாது.

ஆட்சியாளர்களும் அதே மேசையில்

பணக்காரன் தன் பணத்தைத் தின்கிறான், நமக்கென்ன என்று ஒதுங்கலாம். ஆனால் ஊரார் பணத்தைக் காவல் காக்க வேண்டியவர்களும் அந்த மேசையில் உட்கார்ந்தார்களே!

2018 செப்டம்பரில் வெனிசுவேலா நாட்டின் அன்றைய அதிபர் மதுரோ சீனாவிலிருந்து திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் இறங்கி, மனைவியோடு இந்த ஓட்டலில் விருந்து சாப்பிட்டார். உப்புக்காரர் தம் கையாலேயே அறுத்துப் பரிமாறினார். வீடியோவும் வெளிவந்தது. அப்போது வெனிசுவேலாவில் கடைகளில் மாவு இல்லை, மருந்து இல்லை. அதற்கு முந்தைய 2017ஆம் ஆண்டில் சராசரியாக 11 கிலோ உடல் எடை இழந்ததாக மக்கள் சொன்னார்கள் என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு தெரிவித்திருந்தது. மக்கள் பதினொரு கிலோ இளைத்தார்கள். தலைவர் தடித்த துண்டு தின்றார்.

2021 நவம்பரில் வியட்நாமின் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டோ லாம் பிரிட்டன் வந்திருந்தார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் காரல் மார்க்ஸ் சமாதியில் மலர் வைத்தார். அந்தப் பயணத்திலேயே நைட்ஸ்பிரிட்ஜ் ஓட்டலுக்கும் போனார். தங்கத் தகடு ஒட்டிய ஸ்டேக்கை உப்புக்காரர் அவர் வாயில் ஊட்டிவிட்ட வீடியோ வெளியானது, சீக்கிரமே நீக்கப்பட்டது. அதற்குள் வியட்நாம் மக்கள் பார்த்துவிட்டார்கள். அமைச்சர் சம்பளத்தில் இது கட்டுப்படியாகுமா என்று கேட்டார்கள். காரல் மார்க்ஸ் எழுந்து வந்து பில்லைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். கொடி எந்த நிறமானாலும் மேசை ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வியட்நாமின் டா நாங் நகரில் புய் துவான் லாம் என்று ஒருவர் இருந்தார். மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்றுப் பிழைத்தவர். தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறார்களே நம் ஆட்கள், அவர்களைப் போன்ற ஒரு சிறு வியாபாரி. அரசை விமர்சித்துப் பேசக்கூடிய துணிச்சல்காரரும்கூட. அந்த வீடியோ வந்த சில நாளில் அவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கையைப் பாம்பாக வளைத்தார். உப்புக்குப் பதில் வெங்காயத் தாளைத் தம் நூடுல்ஸ் கிண்ணத்தில் தூவினார். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. 2022 செப்டம்பரில் கைது செய்தது. அரசுக்கு எதிராகச் சமூக ஊடகங்களில் பிரச்சாரம் செய்தார் என்ற குற்றச்சாட்டில் 2023 மே மாதம் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை. அவர் முன்பிருந்தே எழுதிவந்த பல பதிவுகள் வழக்கில் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் உலகம் அறிந்தது அந்த வெங்காயத் தாள் சிரிப்பைத்தான். தங்கம் தின்ற அமைச்சர் 2024 ஆகஸ்டில் அந்நாட்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். வெங்காயத் தாள் தூவியவர் சிறைக்குப் போனார்.

இதிலிருந்து நான் ஒன்று கற்றேன். ஆடம்பரக்காரர்கள் ஏழையின் பொறாமையைக் கண்டு பயப்படுவதில்லை. அதுதான் அவர்களுக்கு வேண்டியது. நாம் ஏங்க ஏங்கத்தான் அந்த மேசைக்கு விலை ஏறும். அவர்கள் பயப்படுவது ஏழையின் சிரிப்பைக் கண்டு. ஏங்குகிறவன் அவர்களுக்கு விளம்பரம். சிரிக்கிறவன் சாட்சி.

நம் வீட்டுக்குள் வந்த நோய்

தூரத்து ஊர்க் கதையோடு நிறுத்திவிட்டால் நாம் தப்பித்துக்கொள்வோம். அப்படி விடக் கூடாது. வடாபாவ் நமக்குத் தெரியும். 1966ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் விற்கத் தொடங்கினார் என்பார்கள். மில் தொழிலாளி ஷிப்டுக்கு ஓடும்போது ஒரு கையில் பிடித்துத் தின்ன ஏற்ற பண்டம். இன்றும் லோக்கல் வண்டியை விட்டு இறங்குகிறவனின் பசியைச் சில்லறைக் காசில் அடக்குவது அதுதான். 2021ல் துபாயில் ஒரு கடை அந்த வடாபாவுக்கும் 22 காரட் தங்கத் தகடு ஒட்டி 99 திர்ஹத்துக்கு விற்றது. சுமார் இரண்டாயிரம் ரூபாய்! தொழிலாளியின் பண்டத்தைக்கூடத் தொழிலாளி எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். சேர்ந்தது குண்டுமணிகூட இல்லாத தங்கம். போனது அதன் மானம்.

நம் வீட்டு விசேஷங்களைப் பாருங்கள். கையில் ஐயாயிரம் இல்லாதவன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஹால் பிடிக்கிறான். ஆளுயர பேனர், ஐந்தடுக்கு கேக், புகை கக்கும் மெஷின். சீட்டுப் பணம் எடுத்து, வட்டிக்கு வாங்கி, தவணையில் கட்டிச் செய்கிறான். கேட்டால், "நாலு பேர் மதிக்க வேண்டாமா அண்ணே?" என்கிறான். நாலு பேரும் அன்று ராத்திரியே மறந்துவிடுகிறார்கள். வட்டிக்காரன் மட்டும் மறப்பதில்லை. குண்டுமணித் தங்கத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தவனுக்கும் புகை மெஷினுக்குக் கடன் வாங்கியவனுக்கும் நோய் ஒன்றே. அவனுக்குத் தாங்கும், நமக்குத் தாங்காது. அதுதான் வித்தியாசம்.

விருந்தே கூடாது என்று சொல்லவில்லை. சோறு போடுவதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாதுங்காவில் 1942 முதல் இலை போட்டுச் சாப்பாடு போடும் ராமா நாயக் உடுப்பிப் போர்டிங்கில் முதலாளியும் குமாஸ்தாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அங்கே பார்த்துப் பார்த்துப் போட்டது வயிறு நிறைய. அந்த மேசையில் பார்த்துப் பார்த்துப் போடுவது கண் நிறைய. நம்மவர் விருந்து என்றால் முதல் வகையாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று. ஓட்டலில் வேலை செய்யும் நம் தம்பிகள் சம்பளச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். பி.எப். எண் உண்டா என்று பார்க்க வேண்டும். டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் என்ன வசூலாகிறது, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒருவர் மட்டும் தனியே கேட்கக் கூடாது. தனியே கேட்பவனைத்தான் தனியே வெளியேற்றுவார்கள். நாலு பேராகக் கேளுங்கள். கேட்க வழி தெரியாவிட்டால் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறோம்.

இரண்டு. நாமும் என்றாவது குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடப் போகிறோம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று இருந்தால், அது கட்டாயமல்ல, எடுக்கச் சொல்ல உரிமை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். எடுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா எழுந்து வந்துவிடாதீர்கள். முடிந்ததைப் பரிமாறிய பையன் கையில் கொடுங்கள்.

மூன்று. பெற்றோர்கள் பிள்ளைகளின் செல்போனைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பக்கத்து வீட்டில் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவை நீங்களும் பாருங்கள். "அந்தத் தங்கம் எத்தனை கிராம் இருக்கும்? அந்தப் பாத்திரத்தைத் தேய்ப்பவனுக்கு என்ன சம்பளம்?" என்று கேளுங்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒருமுறை கணக்குப் போட்ட பிள்ளை மறுமுறை வாயைப் பிளக்க மாட்டான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் சொன்ன உப்பு காமிராவுக்காகத் தூவிய உப்பு அல்ல. அடுப்படியில் நின்றவன் நெற்றியிலிருந்து வழிந்த உப்பு, மைதானம் கட்டியவன் முதுகில் காய்ந்த உப்பு, விடியுமுன் இட்லி அண்டாவைத் தூக்கும் நம் தாய்மார்களின் உப்பு. அந்த உப்பைத் தின்றுதான் நாம் வளர்ந்தோம். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தங்கத் தகட்டுக்கு நாம் ஒரு காசும் பாக்கி இல்லை.